ஆங்கிலப் பகுப்பாய்வுக் கட்டுரை எங்கே சிக்குகிறது: கோளாறு வாரியாகத் திருத்தும் வழி

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஏ-லெவல், ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலோரியட்) படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் சரளமாக வரும். ஆனாலும் ஒரு தலையங்கத்தையோ, மேடை உரையையோ, சுற்றுலாக் கையேட்டையோ கொடுத்து ‘இதைப் பகுப்பாய்வு செய்’ என்றால் நடு மதிப்பெண்ணைத் தாண்ட முடிவதில்லை. இதற்குக் காரணம் ஆங்கில அறிவுக் குறைவு அல்ல. பள்ளியில் பழகிய வாசிப்புக் கேள்விகள் பெரும்பாலும் ‘என்ன சொல்லியிருக்கிறது’ என்று கேட்டவை. பகுப்பாய்வு கேட்பது ‘ஏன் இப்படிச் சொல்லியிருக்கிறது’ என்று. கதை, கவிதை என்றால் மாணவர்கள் தாமாகவே உவமை தேடுவார்கள். புனைவல்லாத எழுத்து தகவல் மாதிரியே தெரிவதால், தகவலைத் திருப்பிச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

எழுதுகிறவர் ஒவ்வொரு வரியிலும் பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வைப் பற்றிப் பேசுவதுதான் பகுப்பாய்வு. அதனால் கீழே வரும் எல்லாக் கோளாறுக்கும் சோதனை ஒன்றுதான்: மாற்றிப் போட்டுப் பாருங்கள். அந்தச் சொல்லுக்குப் பதில் வேறு சொல், அந்த வாக்கிய அமைப்புக்குப் பதில் வேறு அமைப்பு, அந்த வரிசைக்குப் பதில் வேறு வரிசை. மாற்றியதும் எது காணாமல் போகிறதோ, அதைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

ஆசிரியர் திருத்திக் கொடுத்த பழைய தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் என்ன குறிப்பு இருக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

ஓரத்தில் ‘டூ மச் சம்மரி’ என்று இருக்கிறது

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் பத்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும் வரிசையாகப் படியுங்கள். ‘முதலில் எழுத்தாளர் இதைச் சொல்கிறார், அடுத்து இதைச் சொல்கிறார், கடைசியில் இப்படி முடிக்கிறார்’ என்று மூலத்தின் வரிசையிலேயே போனால் அது சுருக்கம்தான். பிறகு ‘சேஸ்’, ‘டெல்ஸ்’, ‘மென்ஷன்ஸ்’, ‘டாக்ஸ் அபவுட்’ ஆகிய வினைகளை வட்டமிடுங்கள். ஒரு பக்கத்தில் நாலைந்து வட்டம் விழுந்தால் நோய் உறுதி.

பலர் இதற்குச் செய்யும் மருந்து வினையை மாற்றுவது. ‘சேஸ்’ இருந்த இடத்தில் ‘போர்ட்ரேஸ்’, ‘கன்வேஸ்’ என்று போடுவார்கள். அதனால் ஒன்றும் மாறாது, ஏனென்றால் வாக்கியம் இன்னும் விஷயத்தைப் பற்றித்தான் பேசுகிறது. மாற்ற வேண்டியது எழுவாயை. விஷயம் இருந்த இடத்தில் எழுத்தாளரின் தேர்வை உட்கார வையுங்கள்.

அங்காடி வியாபாரிகளைப் பற்றிய ஒரு கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். ‘வியாபாரிகள் மிகவும் கஷ்டப்படுகிறார்கள் என்று எழுத்தாளர் சொல்கிறார்’ என்பது சுருக்கம். ‘வியாபாரியின் நாளை விடியற்காலை 4 மணியிலிருந்து மணி மணியாகப் பிரித்துக் காட்டுவதால், அந்த நாளின் நீளத்தை வாசகரும் வரி வரியாகக் கடந்து வர வேண்டியிருக்கிறது’ என்பது பகுப்பாய்வு. இரண்டாவது வாக்கியத்திலும் கஷ்டம் என்ற தகவல் உள்ளேயே இருக்கிறது. அதைத் தனியாகச் சொல்லத் தேவைப்படவில்லை.

முன்னுரையில் ஒரே ஒரு வாக்கியம் சுருக்கத்துக்கு ஒதுக்கலாம்: என்ன வகை எழுத்து, யாருக்காக, எதைப் பற்றி. தேர்வாளர் மூலத்தைப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

உத்திகளின் பெயரெல்லாம் எழுதியும் ‘சோ வாட்?’ என்று கேட்கிறார்கள்

இதை ‘ஃபீச்சர் ஸ்பாட்டிங்’ என்பார்கள். அலிட்டரேஷன் (ஒரே ஒலியில் தொடங்கும் சொற்கள்) இருக்கிறது, ரெட்டாரிக்கல் கொஸ்டியன் இருக்கிறது, மூன்று மூன்றாக அடுக்கியிருக்கிறார் என்று பட்டியல் போட்டுவிட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் ‘இது வாசகரின் கவனத்தை ஈர்க்கிறது’ என்று ஒட்டுவது. அந்த ஒட்டு வாக்கியத்தை வேறு எந்தக் கட்டுரைக்கு எடுத்துப் போனாலும் பொருந்தும். அப்படிப் பொருந்துகிற வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடைக்காது. உங்கள் தாளில் ‘கேட்சஸ் தி ரீடர்ஸ் அட்டென்ஷன்’, ‘மேக்ஸ் தி ரீடர் வான்ட் டு ரீட் ஆன்’, ‘எம்ஃபசைஸஸ் தி பாயின்ட்’ என்ற மூன்றையும் தேடி அடித்துவிடுங்கள். அடித்த இடத்தில் என்ன வைப்பது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள்.

1957 ஆகஸ்ட் 31 அன்று மெர்டேக்கா அரங்கத்தில் மலாயாவின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ‘மெர்டேக்கா’ (விடுதலை) என்று ஏழு முறை முழங்கினார். ‘ரெபிடிஷன், விடுதலையை வலியுறுத்துகிறது’ என்று எழுதினால் அது பட்டியல். மாற்றிப் போடுங்கள்: ஒரு முறை மட்டும் சொல்லியிருந்தால்? விடுதலை அறிவிப்பு குறைந்திருக்காது, தகவல் முழுமையாகவே போய்ச் சேர்ந்திருக்கும். காணாமல் போயிருக்கக்கூடியது கூட்டத்தின் பதில். ஒவ்வொரு முழக்கத்துக்கும் அரங்கம் திருப்பி முழங்கியது. ஆக, அந்த அடுக்கு செய்த வேலை வலியுறுத்தல் மட்டும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களை அறிவிப்பவர்களாகவே மாற்றியது. இதை எழுதினால் ‘சோ வாட்?’ என்ற கேள்விக்கு இடமே இல்லை. உரையைப் பகுப்பாய்வு செய்யும்போது அது வாயால் சொல்லிக் காதால் கேட்கப்பட்டது என்பதை மறக்கக்கூடாது. தாளில் பார்க்கச் சலிப்பாகத் தெரிகிற அடுக்கு மேடையில் வேறு வேலை செய்கிறது.

இன்னொன்று சுற்றுலா எழுத்து. ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்நகரைப் பற்றிய ஆங்கிலக் கையேடுகள் பயிற்சிக்கு மிகவும் நல்லவை. லிட்டில் இந்தியாவைப் பற்றி இப்படி ஒரு வரி வருகிறது என்று கொள்ளுங்கள்: “ஃபாலோ தி சென்ட் ஆஃப் ஜாஸ்மின் அண்ட் ஸ்பைஸ் டவுன் ஸ்ட்ரீட்ஸ் பர்ஸ்டிங் வித் கலர்.” மாணவர்கள் ‘சென்சரி இமேஜரி, வாசகர் அந்த இடத்தைக் கற்பனை செய்ய முடிகிறது’ என்று எழுதுவார்கள். இன்னும் ஒரு படி இறங்குங்கள். மல்லிகை, மசாலா, நிறம் எல்லாம் வந்தன. மனிதர் வந்தாரா? பூக்கட்டுகிறவர், கடைக்காரர், கோயிலுக்குப் போகிறவர் ஒருவரும் இல்லை. ‘ஃபாலோ’ என்ற ஏவல் வினையில் ஒரே ஒரு ஆள் இருக்கிறார், அவர் சுற்றுலாப் பயணி. தெருவில் வாழ்கிறவர்கள் வாசனையாகவும் நிறமாகவும் கரைந்து போய், வருகிறவர் மட்டுமே செயல்படும் மனிதராக நிற்கிறார். கையேட்டின் நோக்கத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதையும் சேர்த்து எழுதினால் ஒரு முழுப் பத்தி கிடைத்துவிட்டது. உத்தியின் பெயர் அதில் ஒரே ஒரு இடத்தில்தான் வரும், அதுவும் பெயரடையாக.

பெயர் தெரியாத உத்தியைப் பற்றி எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக எழுதலாம். ‘மூன்று குறுகிய வாக்கியங்கள், எதிலும் வினை இல்லை’ என்று பார்த்ததைச் சொன்னாலே போதும். தவறான கலைச்சொல்லைவிடச் சரியான விவரிப்பு எப்போதும் மேல்.

‘செய்தி நடுநிலையாக இருக்கிறது, சொல்ல ஒன்றுமில்லை’

எல்லாக் கோளாறிலும் இதைத்தான் நாம் அதிகம் கவனிக்க வேண்டும். நடுநிலை என்பதும் எழுதி உருவாக்கப்படுவதுதான். பயிற்சிக்காக எழுதிய இந்த நான்கு வரிகளைப் பாருங்கள்:

“தி ஸ்குவாட்டர்ஸ் வேர் கிவன் நோட்டீஸ் லாஸ்ட் மன்த். டென் ஹவுஸஸ் வேர் டெமாலிஷ்ட் ஆன் வென்ஸ்டே. ரெசிடென்ட்ஸ் கிளெய்ம்ட் தே ஹாட் நோவேர் டு கோ. தி டெவலப்பர் செட் ஆல்டர்நேட்டிவ் ஹவுசிங் ஹாட் பீன் ஆஃபர்ட்.”

உவமை இல்லை, உருவகம் இல்லை, உணர்ச்சிச் சொல் இல்லை. ஐந்து இடங்களில் கை வையுங்கள்.

முதலாவது, பெயரிடல். ‘ஸ்குவாட்டர்ஸ்’ என்ற இடத்தில் ‘ஃபேமிலிஸ்’ என்று போட்டுப் படியுங்கள். அந்த நிலத்தில் இருக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்ற தீர்ப்பு முதல் சொல்லிலேயே வந்துவிட்டது தெரியும். அதே ஆட்கள் மூன்றாவது வரியில் ‘ரெசிடென்ட்ஸ்’ ஆகிறார்கள். ஒரே மக்களுக்கு இரண்டு பெயர் வரும் இடம் எழுத எப்போதும் வளமான இடம்.

இரண்டாவது, செயப்பாட்டு வினை. வீடுகள் இடிக்கப்பட்டன. இடித்தவர் யார்? வாக்கியத்தில் இல்லை. ஆனால் இங்கே எச்சரிக்கை தேவை. செயப்பாட்டு வினை வந்தாலே எதையோ மறைக்கிறார்கள் என்று எழுதிவிடக்கூடாது. செய்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும், முக்கியமே இல்லாவிட்டாலும் ஆங்கிலத்தில் அந்த அமைப்புத்தான் இயல்பு. செய்தவரை உள்ளே வைத்து மாற்றிப் படியுங்கள். செய்தியின் எடை மாறுகிறது என்றால் மட்டும் அதைப் பற்றி எழுதுங்கள். இங்கே மாறுகிறது.

மூன்றாவது, கூற்று வினைகள். குடியிருப்பாளர்கள் ‘கிளெய்ம்ட்’, மேம்பாட்டாளர் ‘செட்’. முதலாவதில் சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இரண்டாவதில் இல்லை. இரண்டையும் இடம் மாற்றிப் படித்தால் செய்தி சாயும் பக்கமே மாறிவிடுகிறது.

நான்காவது, கடைசிச் சொல் யாருக்கு. மேம்பாட்டாளரின் பதிலோடு முடிவதால், குடியிருப்பாளர்களின் கவலைக்கு ஏற்கெனவே தீர்வு சொல்லியாகிவிட்டது போன்ற தோற்றம் வருகிறது. ஆங்கில நாளிதழ்ச் செய்தி முக்கியமானதை முதலிலும் குறைந்ததைக் கடைசியிலும் வைக்கும் மரபு கொண்டது. இடம் போதாவிட்டால் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். ஆகவே நீண்ட செய்தி என்றால், பாதிக்கப்பட்டவரின் குரல் எத்தனையாவது பத்தியில் முதன்முதலாகக் கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குட்டிச் செய்தி என்றால் முடிவு எந்தக் குரலில் என்று பாருங்கள்.

ஐந்தாவது, இல்லாதது. எத்தனை ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தார்கள், ஒருவரின் பெயராவது வந்ததா? ‘இது இல்லை’ என்று சொல்வதற்கு முன், இந்த வகை எழுத்தில் அது வழக்கமாக இருக்கக்கூடியதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பட்டியல் முடிவே இல்லாமல் நீளும்.

இந்தப் பயிற்சிக்கு உண்மையான மூலம் வேண்டுமென்றால், பினாங்கு குளுகோரில் நம் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த கம்போங் புவா பாலாவிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டதைப் பற்றி 2009-இல் வந்த ஆங்கிலச் செய்திகளைத் தேடி எடுங்கள். அந்த ஊருக்கு ‘ஹை சப்பரல்’ என்ற பட்டப்பெயரும் ஆங்கில ஏடுகளில் உண்டு. அது மாட்டுப் பண்ணையைப் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயர். மாடு வளர்த்த ஊர் என்பதால் இதற்கும் வந்தது. அப்படி அழைக்கும்போது ஊர் காட்சிப்பொருள் ஆகிறதா, நெருக்கமாகிறதா என்பதே ஒரு பத்திக்குப் போதுமான கேள்வி. ஒரே நாள் நிகழ்வுக்கு இரண்டு வெவ்வேறு ஏடுகளின் செய்தியை அருகருகே வையுங்கள். மக்களை எந்தெந்தப் பெயரால் அழைத்தார்கள், முதலில் பேசியது யார் என்ற இரண்டை மட்டும் குறியுங்கள். மாற்றிப் போட்டுப் பார்க்கும் வேலையை இரண்டாவது ஏடே உங்களுக்குச் செய்து கொடுத்துவிடும்.

தைப்பூசச் செய்தியிலும் இது நடக்கும். பத்துமலை, தண்ணீர்மலை பற்றிய ஆங்கிலச் செய்தியில் பக்தர்கள் எத்தனை வரியில் பேசுகிறார்கள், கூட்டமும் குப்பையும் போக்குவரத்தும் எத்தனை வரியை எடுத்துக்கொள்கின்றன என்று எண்ணினாலே கட்டுரைக்கு ஒரு நிலைப்பாடு கிடைக்கும்.

ஆனால் கட்டுரை முழுக்க என் கருத்தாகிவிட்டது

மேலே உள்ளது போன்ற மூலங்களில் இது நடக்கத்தான் செய்யும். நம் ஊர் விஷயம், கோபம் நியாயமானது. ஆனால் கேள்வி வீடிழப்பு சரியா தவறா என்பதல்ல, இந்த எழுத்து அதை வாசகருக்கு எப்படித் தெரிய வைக்கிறது என்பதே. ‘ஐ பிலீவ்’, ‘வீ ஷுட்’, ‘தி கவர்ன்மென்ட் மஸ்ட்’ என்று ஆரம்பிக்கும் வாக்கியங்களை எடுத்துவிடுங்கள். உங்கள் கோபத்தை எந்தச் சொல் கிளப்பியது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். அந்தச் சொல்தான் சான்று. ஏற்றுக்கொள்ள முடியாத கட்டுரையைக் கூட ‘இது தன் வாசகரிடம் நன்றாக வேலை செய்கிறது’ என்று எழுத முடிந்தால் உங்களுக்குப் பகுப்பாய்வு வந்துவிட்டது என்று பொருள்.

நிலைப்பாடு தெளிவாக இல்லை

‘எழுத்தாளர் பல உத்திகளைப் பயன்படுத்தித் தன் கருத்தைச் சொல்கிறார்.’ இதைத் தீசிஸ் என்று எழுதுகிறவர்கள் நிறைய. உலகத்தின் எல்லா எழுத்துக்கும் பொருந்துவதால் இது எதையும் சொல்லவில்லை. மூன்று கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் வையுங்கள்: யாரை, எந்த எண்ணத்துக்கு, முக்கியமாக எந்த வழியாக நகர்த்துகிறது? முடிந்தால் மூலத்தில் இருக்கும் முரண் ஒன்றையும் சேருங்கள். ‘நடுநிலைச் செய்தி போன்ற அமைப்பில் எழுதப்பட்டிருந்தாலும், பெயரிடலாலும் குரல்களின் வரிசையாலும் இந்த அறிக்கை வெளியேற்றத்தை முடிந்துபோன நிர்வாக நடவடிக்கையாகக் காட்டுகிறது.’ இதில் ‘இருந்தாலும்’ என்ற சொல்தான் வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ என்று ஆரம்பித்துப் பழகுங்கள். முரண் தானாக வந்து உட்காரும்.

சொற்களைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறேன், அமைப்பைப் பற்றி ஒன்றுமில்லை

மூலத்தின் ஓரத்தில், பத்திக்கு ஒரு சொல் வீதம், அது செய்யும் வேலையை எழுதுங்கள்: கதை, புள்ளிவிவரம், எதிர்வாதம், அழைப்பு. பிறகு ‘பட்’, ‘யெட்’, ‘ஹவெவர்’ வரும் இடத்தில் கோடு போடுங்கள். திருப்பம் எங்கே, ஏன் அதற்கு முன்னால் வரவில்லை? ஒற்றை வாக்கியப் பத்தி இருந்தால் அதையும் விடாதீர்கள். முதல் பத்திக்கும் கடைசிப் பத்திக்கும் ‘ஐ’ என்பது ‘வீ’ ஆக மாறியிருக்கிறதா என்று பார்ப்பது தலையங்கத்திலும் உரையிலும் பெரும்பாலும் பலன் தரும்.

மேற்கோள் நீளம்

இரண்டு வரி மேற்கோள் என்றால், அதில் எந்தச் சொல்லைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியவில்லை என்று அர்த்தம். மூன்றிலிருந்து ஆறு சொல் போதும், அதையும் உங்கள் வாக்கியத்துக்குள் பொருத்துங்கள். மேற்கோளுக்குப் பின்னால் வரும் விளக்கம் மேற்கோளைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும்.

நேரம் போதவில்லை

ஐ.பி. முதல் தாள், ஸ்டாண்டர்ட் லெவல் என்றால் 75 நிமிடம், ஒரு பகுப்பாய்வு. ஹையர் லெவல் என்றால் 135 நிமிடத்தில் இரண்டு. கேம்பிரிட்ஜ் ஏ-லெவல் ஆங்கில மொழிப் பாடத்தின் முதல் தாளும் 135 நிமிடம்தான், 50 மதிப்பெண்ணில் பாதி பகுப்பாய்வுக்கு. ஆக, எங்கே எழுதினாலும் ஒரு பகுப்பாய்வுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும்.

75 நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள். படிக்க 15: முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள், இரண்டாவதில் எட்டு முதல் பத்து இடம் மட்டும் குறியுங்கள். திட்டத்துக்கு 10: குறித்ததில் ஆறை வைத்துக்கொண்டு மீதியை அடியுங்கள். எழுத 45. சரிபார்க்க 5. முன்னுரைக்கும் முடிவுரைக்கும் நடுவே மூன்று பத்தி போதும், ஒவ்வொன்றும் 120 முதல் 150 சொல், இரண்டு சான்று. நேரம் போதாதவர்கள் பெரும்பாலும் அந்த 10 நிமிடத் திட்டத்தைத் தாண்டி ஓடியவர்கள். முதல் பத்தியிலேயே எல்லா உத்தியையும் கொட்டிவிட்டு, மூன்றாவது பத்திக்கு ஒன்றுமில்லாமல் நிற்பார்கள்.

கருத்து நன்றாக இருக்கிறது, ஆங்கிலத்துக்கு மதிப்பெண் போகிறது

கடைசி 5 நிமிடத்தில் இவற்றை மட்டும் தேடுங்கள். ‘தி ரைட்டர் ஹி சேஸ்’ என்று எழுவாய் இரட்டிப்பது. ‘இன் தி பாஸேஜ் இட் ஷோஸ்’ என்பதில் ‘இன்’, ‘இட்’ இரண்டையும் எடுத்துவிட்டு ‘தி பாஸேஜ் ஷோஸ்’ என்று ஆக்குங்கள். ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘மென்ஷன் அபவுட்’, ‘எம்ஃபசைஸ் ஆன்’: பின்னால் வரும் ‘அபவுட்’, ‘ஆன்’ இரண்டையும் வெட்டுங்கள். மூலத்தைப் பற்றிப் பேசும்போது நிகழ்காலம், அதில் நடந்த வரலாற்று நிகழ்வுக்கு மட்டும் இறந்தகாலம். எழுத்தாளரை முதல் பெயரால் அழைக்க வேண்டாம். மலாய், தமிழ்ப் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லாததால், மூலத்தில் அச்சிட்டிருக்கும் முழுப் பெயரை ஒரு முறை எழுதிவிட்டு அப்புறம் ‘தி ரைட்டர்’ என்றே தொடரலாம்.

‘தி ரைட்டர் ட்ரைஸ் டு’ என்று எழுதியிருந்தால் ‘ட்ரைஸ் டு’வை எடுத்துவிடுங்கள். முயன்றார், முடியவில்லை என்ற தொனி அதில் இருக்கிறது. ‘நெகட்டிவ் டோன்’, ‘பாசிட்டிவ் டோன்’ என்பவை தொனியின் பெயர் அல்ல. கண்டிப்பா, ஏக்கமா, எரிச்சலா, கவலையா என்று பிரித்து, அதற்கான ஆங்கிலச் சொல்லைப் போடுங்கள். ‘தி ரீடர்’ என்று வரும் இடங்களில் ஒன்றிலாவது எந்த வாசகர் என்று சொல்லுங்கள்: வரி கட்டுகிற நகரவாசியா, வெளிநாட்டுப் பயணியா, ஏற்கெனவே எழுத்தாளரோடு உடன்படுகிறவரா. வாசகர் யார் என்று தெரிந்ததும் அந்தப் பத்தியின் மீதி வாக்கியங்களிலும் ஒன்றிரண்டு சொல்லைத் திருத்தத் தோன்றும். அதற்கும் அந்த 5 நிமிடத்தில் இடம் வையுங்கள்.